ரிக்ரஷனை மட்டும் விட்டுவிடாதே

அம்முவுக்கு,

வீட்டுச் சேதி எல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள், அதனால் நான் திரும்ப எழுதவில்லை. அவளுக்கு முட்டிவலி பரவாயில்லை, தம்பி வழக்கம்போல. நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக, அதுவும் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

புள்ளியியலில் சேர்ந்த முதல் வருஷம் முழுக்க ராத்திரியில் போன் பண்ணிக் கணக்குக் கேட்பாய். ஈருறுப்புப் பரவல் எங்கே பாய்சானாக மாறுகிறது என்று கேட்டால் நான் தொழிற்சாலைக் கதையில் ஆரம்பித்து 1924-இல் ஷூஹார்ட் என்ற அமெரிக்கர் வரைந்த கன்ட்ரோல் சார்ட்டில், அதாவது உற்பத்தியின் தரம் எல்லை தாண்டுகிறதா என்று காட்டும் வரைபடத்தில், போய் நிற்பேன், நீ "மறுபடியும் ஷூஹார்ட்டா அப்பா" என்று சிரிப்பாய். இந்த வருஷம் ஒரு கணக்குக்கூட வரவில்லை. எல்லாம் தானாகவே புரிகிறது என்றால் எனக்குச் சந்தோஷம்தான். தம்பி காட்டிய படத்தில் நீ கழுத்தில் விசிலோடு நீச்சல்குளத்து ஓரம் நிற்கிறாய், பின்னால் இருந்த பேனரில் பொழுதுபோக்கு மேலாண்மைத் துறை என்று போட்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. எழுத்து பெரிதாக இருந்தது, கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

பொதுவாகச் சொல்கிறேன். புள்ளியியலில் இரண்டாம் வருஷம்தான் பலருக்குத் தடுமாற்றம். முதலில் சராசரி, திட்டவிலக்கம், வரைபடம் என்று கையில் தரவு இருக்கும், படிப்பது எதற்கு என்று தெரியும். அப்புறம் பக்கம் பக்கமாக இன்டக்ரேஷனும் மேட்ரிக்ஸும் மதிப்பீட்டுத் தேற்றங்களும்தான், ஒரு மனுஷன் கண்ணில் படமாட்டான். அதைத் தாண்டினால் ரிக்ரஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்று தரவிலிருந்து கணிப்பது), மாதிரிக் கணிப்பு (சிலரைக் கேட்டு எல்லோரையும் பற்றிக் கணிப்பது), சோதனை வடிவமைப்பு என்று மறுபடியும் ஆள் நடமாட்டம் வரும். அந்த நடுவில் சலித்துப்போய் இறங்கிவிடுகிறவர்கள் உண்டு. நான் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

அந்த இன்னொரு படிப்பில் என்னதான் சொல்லித்தருகிறார்கள் என்று சும்மா பார்த்தேன். பெரியப்பா நினைப்பதுபோல ஊஞ்சல் ஆட்டிவிடுகிற படிப்பு இல்லை. நிகழ்ச்சித் திட்டமிடல், மைதானமும் குளமும் பராமரிப்பது, பட்ஜெட், விபத்து நடந்தால் சட்டப்படி யார் பொறுப்பு, முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எப்படி ஏற்பாடு செய்வது, நோயாளிகளைத் தேற்ற விளையாட்டை எப்படிப் பயன்படுத்துவது, கடைசியில் நீண்ட இன்டர்ன்ஷிப். ஓய்வும் ஓய்வுநேரமும் மனித உரிமை என்று ஐ.நா.வின் 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் 24-ஆம் பிரிவிலேயே இருக்கிறது, பெரியப்பா கிண்டல் பண்ணினால் அதைச் சொல்.

ஆனால் ஒன்று கவனித்தாயா, அங்கேயும் ஆய்வு முறைகள், மதிப்பீடு என்று ஒரு பேப்பர் உட்கார்ந்திருக்கிறது. கணக்கிலிருந்து தப்பித்து அங்கே போகலாம் என்று யாராவது நினைத்தால் (நீ இல்லை) அங்கேயும் அது காத்திருக்கும். ஒரு பூங்காவுக்குத் தினமும் வருகிறவர்கள் 100 பேர், மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள் 3000 பேர் என்று வைத்துக்கொள். மாதம் ஒருமுறை வருகிறவர்கள் 30 நாளிலும் சமமாகப் பிரிந்து வந்தால், என்றைக்கு வாசலில் நின்றாலும் 100 பேர் தினசரி ஆட்கள், 100 பேர் மாத ஆட்கள். எல்லோரையும் கேட்டுவிட்டு, "வருகிறவர்களில் பாதிப் பேர் தினமும் வருகிறார்கள்" என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். உண்மையில் 3100-இல் 100, அதாவது நூற்றுக்கு மூன்று பேர்தான். அந்த அறிக்கையை நம்பி நடைபாதைக்குக் காசைக் கொட்டினால், மாதம் ஒருநாள் குழந்தையோடு வருகிற 3000 பேருக்கு உட்கார நிழல் இருக்காது. அடிக்கடி வருகிறவர் மாதிரியில் சிக்கும் வாய்ப்பு அதிகம், அதனால் ஒவ்வொருவரின் பதிலையும் அவர் வருகிற தடவையால் வகுத்து எடை போடவேண்டும். இதைப் புள்ளியியல் படித்தவள் உடனே பிடிப்பாள். நீ பிடிப்பாய், எனக்குத் தெரியும், பத்தாம் வகுப்பிலேயே என் கன்ட்ரோல் சார்ட்டில் தப்புக் கண்டுபிடித்தவள் நீ.

வரிசையும் அப்படித்தான். எர்லாங் என்ற டென்மார்க் கணிதர் 1909-இல் டெலிபோன் அழைப்புகளுக்குப் போட்ட கணக்கிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய வரிசைக் கோட்பாடு, சறுக்குமரத்துக்கும் பொருந்தும். ஆட்கள் வருவதும் ஒவ்வொருவரும் எடுக்கும் நேரமும் தாறுமாறாக இருக்கிற ஒற்றை வரிசையில், கொள்ளளவில் 80 சதவீதம் வந்தால் சறுக்குகிறவரையும் சேர்த்துச் சராசரியாக 4 பேர் இருப்பார்கள், 90 ஆனால் 9, 95 ஆனால் 19. ஐந்து சதவீதம்தானே என்று கூடுதலாக டிக்கெட் கொடுத்தால் சண்டை வருவது இதனால்தான்.

அதனால் எது எப்படிப் போனாலும் ரிக்ரஷன் பேப்பரை விடாதே. மாதிரிக் கணிப்பையும். எந்தத் துறையில் இருந்தாலும் சரி.

குளத்து ஓரம் நின்றாயே, முதலுதவிப் பயிற்சி முறையாக எடுத்தாயா? ஒருத்தர் மூழ்கும்போது பெரும்பாலும் கத்தமாட்டார், சத்தமே வராது, கூட்டத்தில் தெரியாது. ஒரு ஆள் எத்தனை நேரம் தொடர்ந்து கண்காணிக்கலாம், எப்போது மாற்று ஆள் வரவேண்டும் என்று அங்கே எழுதி ஒட்டியிருக்கிறார்களா? இல்லையென்றால் கேள். வாய்மொழியாகச் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்கு. படத்தில் உன்னோடு வேறு யாரும் விசிலோடு தெரியவில்லை, அதுதான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிட்டது.

இன்னொன்று. அந்த வேலையில் ஊருக்கு விடுமுறை என்றால் உனக்கு வேலை. எல்லோரும் வீட்டுக்கு வருகிற நாளில் நீ வாசலில் டிக்கெட் எண்ணிக்கொண்டிருப்பாய். ஏற்கனவே நீ வருவது அபூர்வம், அம்மாதான் ஒவ்வொரு தடவையும் கட்டிலில் புது விரிப்புப் போட்டு வைக்கிறாள், நான் ஒன்றும் சொல்வதில்லை. இருந்தாலும் அந்தப் படத்தை நான் போனில் சேமித்துவைத்திருக்கிறேன், ஆபீஸில் இரண்டு பேரிடம் காட்டவும் செய்தேன். படத்தில் இருந்த அந்த முகாம் முழுவதையும் நடத்தியது நீதானாமே. தம்பி சொல்லித்தான் தெரியும்.

பல இடங்களில் புள்ளியியலைத் துணைப்பாடமாக வைத்துக்கொள்ளலாம், உங்கள் கல்லூரியில் உண்டா என்று விசாரி. எடுத்த பேப்பர்களில் எது கணக்கில் சேரும், எது வீணாகும் என்று எழுதிக் கேட்டு வாங்கு. கடைசித் தேதிக்கு முன்னால் ரிக்ரஷனுக்குப் பதிவு செய்.

படிப்பு மாற்றும் படிவத்துக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டுமென்றால் எனக்கு அனுப்பு. அதாவது, அப்படி ஒரு படிவம் இருந்தால். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், பெரியப்பாவிடம் நீயே பேசிக்கொள்.

அப்பா