செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநோயும் குடும்பங்களுக்கான துணையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், கன்னியாகுமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், கைக்குழந்தையோடு சிரமம் பாராமல் வந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். 2024–25ஆம் ஆண்டுக்கான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

இவ்வாண்டு நமது கூட்டங்களில் மிகுதியாகப் பேசப்பட்டது, பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநோயைக் குடும்பம் எவ்வளவு விரைவில் அடையாளம் காண்கிறது என்பதைப் பற்றித்தான். பிரசவித்த பெண்களில் ஆயிரத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு இந்நோய் வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், பலருக்கு முதல் சில நாட்களிலேயே தொடங்கிவிடுகிறது. குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராமை, ஓயாத பேச்சு அல்லது திடீர் மௌனம், இடம் பொருள் தெரியாத குழப்பம், காதில் குரல் கேட்பது, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றோ அது தெய்வப்பிறவி என்றோ உறுதியாக நம்புவது ஆகியவை இதன் அறிகுறிகள். காலையில் தெளிவாக இருப்பவர் மாலையில் வேறொருவராகத் தோன்றுவதால், பார்த்துவிட்டுப் போகும் உறவினர்கள் "நல்லாத்தானே இருக்கா" என்று சொல்லிவிடுகிறார்கள். பிரசவித்த சில நாட்களில் பலருக்கும் வந்து தானாகவே மறையும் அழுகையும் சோர்வும் வேறு. இந்த மனநோயோ ஒரே நாள்கூடக் காத்திருக்கக் கூடாத அவசர நோய்.

இந்தக் காத்திருப்பு எங்கே நேர்கிறது என்பதை உறுப்பினர் குடும்பங்களின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருக்கும் பெண்ணை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல, மாப்பிள்ளை வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்று பெற்றோர் தயங்குகிறார்கள். கணவரோ வளைகுடா நாட்டிலோ ஆழ்கடலில் படகிலோ இருக்கிறார். பேய்க்கோளாறு என்று கருதி இசக்கியம்மன் கோயிலுக்கும், ஜெபக்கூடத்துக்கும், தர்காவுக்கும் அழைத்துச் செல்பவர்களும் உண்டு. வழிபாட்டை நமது சங்கம் ஒருபோதும் குறை சொன்னதில்லை. ஆனால் அன்றிரவே மருத்துவமனைக்குச் சென்றுவிட்டு நேர்ச்சையைப் பிறகு நிறைவேற்றலாம் என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் வலியுறுத்தி வருகிறோம். இடைப்பட்ட நேரத்தில் தாயையும் குழந்தையையும் தனியே விடாமல், மூத்தவர் ஒருவர் எப்போதும் உடனிருக்க வேண்டும். இந்நோயில் தற்கொலைக்கும், அரிதாகக் குழந்தைக்குத் தீங்கு நேர்வதற்கும் வாய்ப்பு இருப்பதே காரணம். இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லாமல் விடுவது சரியன்று.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல 108 ஆம்புலன்ஸையும், எந்நேரமும் மனநல ஆலோசனை பெற டெலி மானஸ் 14416 எண்ணையும் குடும்பங்களுக்குத் தொடர்ந்து தெரிவித்து வருகிறோம். நோய்த்தொற்று, தைராய்டு கோளாறு, மூளை இரத்தக்குழாய் அடைப்பு போன்றவையும் இதே குழப்பத்தை உண்டாக்கக்கூடும் என்பதால் உடல் பரிசோதனையும் அவசியம். சிகிச்சையில் மனநோய் மருந்துகளும், மனநிலையைச் சீராக்கும் லித்தியம் என்ற மருந்தும், சிலருக்கு மயக்கமருந்து கொடுத்துச் செய்யப்படும் மின்னதிர்வுச் சிகிச்சையும் இடம்பெறுகின்றன. தாய்ப்பால் கொடுக்கலாமா என்பது மருந்தைப் பொறுத்தது. லித்தியம் எடுக்கும்போது பொதுவாக அறிவுறுத்தப்படுவதில்லை, வேறு சில மருந்துகளோடு மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்க முடியும்.

தாயும் சேயும் சேர்ந்திருப்பது குறித்துப் பலரும் கேட்டார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 21ஆம் பிரிவு, மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. ஆபத்து கருதிப் பிரிக்க நேர்ந்தாலும் அம்முடிவைப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். இருவரையும் ஒன்றாக அனுமதிக்கும் தனிப்பிரிவு பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் 2009 முதல் இயங்குகிறது. அத்தகைய வசதி நமது மாவட்டத்திலும் வேண்டும் என்பது செயற்குழுவின் கருத்து.

பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். கடுமையான கட்டம் சில வாரங்களில் தணிந்தாலும், பழைய தன்னம்பிக்கை திரும்ப ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். அந்த நீண்ட காலத்தில்தான் குடும்பத் துணை தேவைப்படுகிறது. இரவில் குழந்தையைப் பார்த்துக்கொண்டு தாயை உறங்கவிடுவது, மருந்து நிறுத்தப்படாமல் கவனிப்பது, நோயின்போது அவள் சொன்னதையும் செய்ததையும் பிற்பாடு குத்திக்காட்டாமலிருப்பது ஆகிய மூன்றில் கடைசியே நமது வீடுகளுக்கு மிகவும் கடினமாக இருக்கிறது என்பது என் கணிப்பு. இந்நோயைக் காட்டிப் பெண்ணைத் திருப்பியனுப்பும் பேச்சு எழுந்த இடங்களில், கேட்டுக்கொள்ளப்பட்டபோது மட்டும் நமது மூத்த உறுப்பினர்கள் இரு வீட்டாரோடும் அமர்ந்து பேசினார்கள். குடும்பங்களின் அடையாளம் நமது நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதப்படுவதில்லை; அம்முறை தொடரும்.

அடுத்த பிள்ளை வேண்டுமா என்ற கேள்வியோடு வரும் தம்பதியருக்கு ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம். ஒருமுறை இந்நோய் வந்தவருக்கு அடுத்த பிரசவத்தில் மீண்டும் வரும் வாய்ப்பு மிக அதிகம். ஏறக்குறைய இருவரில் ஒருவருக்கு வருகிறது. அதீத உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்கும், தாய்க்கோ சகோதரிக்கோ இது வந்திருந்தவர்களுக்கும் கூடுதல் கவனம் தேவை. கருத்தரிக்கும் முன்பே மனநல மருத்துவரைப் பார்ப்பதும், கர்ப்பப் பதிவின்போதே கிராம சுகாதார செவிலியரிடம் தெரிவிப்பதும், பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வாரத்துக்கு இரவுத்துணையை முன்கூட்டியே முடிவு செய்வதும் அவசியமாகும்.

வரும் ஆண்டில், அறிகுறிகளை விளக்கும் ஒற்றைப்பக்கத் தாளைக் கடலோர ஊர்களிலும் மலையோர ஊர்களிலும் அங்கன்வாடிகள் வழியே கொடுக்கவும், தாய்–சேய்ப் பிரிவு கோரும் மனுவை மாவட்ட ஆட்சியரிடம் அளிக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இவ்விரு பரிந்துரைகளோடு இந்த அறிக்கையையும் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்