கருமண்ணைச் சலித்த தம்பிக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதிப் பக்கத்துச் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் தோட்டத்து வாசலில் நின்ற மாமன் கல், போரில் இறந்தவருக்கான நினைவுக்கல், சாலை வேலையில் ஜேசிபி தட்டி உடைந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி விரித்து எழுத மனமில்லை. கல் மீண்டும் நிற்கிறது. நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

வெளியூரிலிருந்து விசாரித்தவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். எங்கள் அம்மாயியின் (அம்மாவின் அம்மா) அண்ணன் இரண்டாம் உலகப் போரில் இந்திய விமானப்படையில் இருந்தவர். வெஞ்சன்ஸ் என்ற, இருவர் மட்டும் அமரும் குண்டுவீச்சு விமானத்தில் பின்னிருக்கைத் துப்பாக்கி வீரர். 1944இல் பர்மா முனையில் விமானம் விழுந்தபோது அவருக்கு 22 வயது. உடல் கிடைக்கவில்லை. கல்லறையில்லாமல் போன 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களோடு அவர் பெயரும் சிங்கப்பூர் கிராஞ்சியில் இருக்கிறது. அவர் சிங்கப்பூரைக் கண்டதில்லை. எங்களில் ஒருவரும் அங்கே போனதில்லை. அம்மாயியின் அப்பா தோட்டத்து வாசலில் நட்ட கல்தான் எங்களுக்கு மாமன். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலத்துக் கல், எழுத்து தமிழ். மடியில் உட்காரவைத்துக் காது குத்தத் தாய்மாமன் இல்லாததால், அம்மாயி தன் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லின் முன் மணை போட்டுக் குத்தினார். மாமன்கள் நாலு பேர் இருந்தும் எனக்கும் அங்கேதான். ஏன் என்று கேட்டால் அம்மாயி முறைப்பார்.

சாலை வேலைக்கு வந்த ஜேசிபி ஓட்டுநர்களில் ஒருவர் ஆலத்தூர்த் தம்பி. கல்லைத் தட்டிய வண்டி அவருடையது அல்ல. அன்று அவர் வேலைக்கே வரவில்லை. மறுநாள் ஞாயிறு, டீக்கடையில் கேள்விப்பட்டு, மணல் சல்லடையைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றார். பெரிய துண்டுகளை நாங்கள் எடுத்து வைத்திருந்தோம். பெயர் இருந்த மூலை மட்டும் மண்குவியலுக்குள் போயிருந்தது. மழையில் நனைந்த கருமண்ணைப் பற்றி நம் பக்கத்தாருக்குச் சொல்லவேண்டியதில்லை: சல்லடையில் இறங்காது, அப்பிக்கொள்ளும். அவர் அதைப் பிடிபிடியாக அள்ளி, மாட்டுத்தொட்டித் தண்ணீரில் கரைத்துக் கரைத்துச் சலித்தார். சோற்றுக்குக் கூப்பிட்டோம், மண் காய்ந்தால் கட்டியாகிவிடும் என்று எழவில்லை. சாயங்காலம் உள்ளங்கை அகலத்தில் ஒரு சில்லு கிடைத்தது. பழைய பல் பிரஷ் ஒன்று கேட்டு வாங்கி, எழுத்துக் குழிகளில் அடைந்திருந்த மண்ணைத் தேய்த்தெடுத்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. “அம்மம்மா, இதுதானா பாருங்கள்” என்று தோர்த்துத் துண்டில் வைத்து நீட்டினார். அம்மாயி கண்ணாடியைத் தேடவில்லை. விரலால் தடவி, “அண்ணன்தான்” என்றார்.

பணம் கொடுக்கப் போன என் தம்பியிடம் அவர் கோபித்துக்கொண்டார். யாரோ ஒருவர் வீட்டு மாமனுக்காக நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சேற்றில் குனிந்திருப்பேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

துண்டுகளை ஒட்டி நிறுத்திய திருமுருகன்பூண்டிக் கல்தச்சருக்கும் (புதுக்கல் வாங்கலாம் என்றவர்களை வாயடைத்தவரும் அவரே), வார்டு உறுப்பினருக்கும், கல்லை உள்ளே தள்ளி நட இடம் விட்ட பக்கத்துத் தோப்புக்காரருக்கும், கயிறு பிடித்த பிள்ளைகளுக்கும், இரவெல்லாம் போனில் திட்டித் தீர்த்த சென்னைச் சித்தப்பாவுக்கும் நன்றி. ஒப்பந்தக்காரரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. போகட்டும்.

தை மாதம் என் மகளுக்குக் காது குத்து. அந்தக் கல்லின் முன் ஆலத்தூர்த் தம்பிதான் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளவேண்டும் என்பது அம்மாயியின் உத்தரவு. குழந்தையின் சொந்த மாமனான என் மச்சானுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான், சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறேன். ஆலத்தூர்த் தம்பியின் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து மாமன் சீர் போகும், இதுவும் முடிவாகிவிட்டது. வேலை இருக்கிறது என்று அவர் தட்டிக்கழிக்க நினைக்கவேண்டாம். ஆலத்தூருக்கு எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று அம்மாயி ஏற்கெனவே விசாரித்து வைத்திருக்கிறார்.