தயவுசெய்து எங்கள் பக்கம் திரும்பிப் பேசுங்கள்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் காது சரியாகக் கேட்காத மாணவி. போன வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் டெஸ்டில் நடந்தது துறையில் எல்லோருக்கும் தெரியும். ஸ்டாஃப் ரூமில் அதைச் சொல்லிச் சிரித்ததாகவும் கேள்வி. (என் காதுக்கே எட்டியிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.) அதனால் முழுக் கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை.

அந்த டெஸ்டில் சார் கணக்கை எழுதிப் போடாமல் வாயாலேயே சொல்லிக்கொண்டு போனார். பாதி நேரம் போர்டைப் பார்த்து, மீதி நேரம் ஜன்னல் பக்கம். நான் வழக்கம்போல முதல் பெஞ்ச். காதில் மிஷினும் இருந்தது. மிஷின் சத்தத்தைக் கூட்டித் தரும், அவ்வளவுதான். ஃபேன் இரைச்சல், வெளியே பஸ் ஹாரன், பின்னால் யாரோ பெஞ்சை இழுப்பது, சாரின் குரல் எல்லாவற்றையும் சேர்த்தே கூட்டித் தரும். மீதியை உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்கிறேன். ஃபிஃப்டீன் என்றாலும் ஃபிஃப்டி என்றாலும் உதட்டசைவு ஏறக்குறைய ஒன்றுதான். யூனிட்டுக்கு 15 ரூபாய் என்று அவர் சொன்னதை 50 என்று எழுதிவிட்டேன். அந்த எண்ணை வைத்துப் போட்ட ஒவ்வொரு ஸ்டெப்பும் சரி. மதிப்பெண் பூஜ்யம். பேப்பரைக் கொடுக்கும்போது, "மிஷின் மாட்டியும் கேக்கலைன்னா நான் என்னம்மா பண்றது?" என்றார். அதை மட்டும் என் முகத்தைப் பார்த்தே கேட்டார். ஓர் எழுத்து விடாமல் புரிந்தது.

சார், நீங்கள் பண்ணக்கூடியது ஒன்று இருக்கிறது. கேள்வியைப் போர்டில் எழுதுங்கள், இல்லை தாளில் கொடுங்கள். பேசும்போது எங்கள் பக்கம் திரும்பிப் பேசுங்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் எங்களுக்குக் குறைந்தது 5 சதவீத இடம் உண்டு. எனக்கு சீட் கிடைத்தது அப்படித்தான். தேவையான மாற்றத்தைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடுதான் என்று அதே சட்டம் சொல்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் இதற்கென்று வழிகாட்டுதலே வெளியிட்டது. ஆபீஸ் பீரோவில் ஒரு பிரதி தூங்கிக்கொண்டிருக்கலாம்.

ஆனால் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் விழா அமர்க்களமாக நடக்கிறது. எங்களை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். சிறப்பு விருந்தினர் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பேசோ பேசென்று பேசினார். உதடே தெரியவில்லை. எங்களைப் பற்றித்தான் உருக்கமாகப் பேசினாராம், பக்கத்திலிருந்த தோழி சொன்னாள். அப்புறம் பொன்னாடை, போட்டோ. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறதென்றால் சாய்தளத்துக்குப் புதுப் பெயிண்ட். இதற்கெல்லாம் பணம் இருக்கிறது, சாக்பீஸுக்கு இல்லையா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லா ஆசிரியர்களும் அப்படியில்லை. எகனாமிக்ஸ் மேடம் வகுப்பு தொடங்கும்போதே அன்றைய முக்கியச் சொற்களைப் போர்டின் ஓரத்தில் எழுதிவிடுவார். பின்னாலிருந்து யாராவது சந்தேகம் கேட்டால், அதைத் தானே ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் பதிலுக்குப் போவார். பாடத்தின் பிபிடி ஸ்லைடுகள் முந்தின நாளே வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிடும். இது எனக்கு மட்டுமா உதவுகிறது? பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்து, இங்கிலீஷ் டிக்டேஷனில் திணறும் பையன்களும் அந்த ஓரத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். அவர்களுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

மதிப்பெண்ணைத் திருத்தச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. திருத்திக் கொடுத்தால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். முதல்வர் ஐயா, அடுத்த இன்டர்னல் தேர்வுக்கு முன் எல்லாத் துறைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். எந்தத் தேர்வுக் கேள்வியையும் வாயால் மட்டும் சொல்லக் கூடாது, பாடம் நடத்தும்போது மாணவர் பக்கம் திரும்பிப் பேச வேண்டும், இந்த இரண்டு வரி போதும். அதை வகுப்பு வகுப்பாக வாசித்துக் காட்டாமல் நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லும்படியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி,
கடலூர்