டைகர் ஷார்க் குட்டியை விற்கும் முன் தொட்டியின் அகலத்தைக் கேளுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வண்ணமீன் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடை உரிமையாளர்களே,

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், அரூர் என எந்த ஊர் வண்ணமீன் கடையிலும் 'ஷார்க்' என்ற பெயரில் விரல் நீளக் குட்டிகள் கிடைக்கின்றன. வாங்குகிறவர்களில் பலர் அதே நாளில் ஒரு 2 அடித் தொட்டியையும் சேர்த்து எடுத்துப் போகிறார்கள். அந்தக் குட்டி வளர்ந்தால் எவ்வளவு நீளம் வரும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஷார்க் வகைகளையே விற்காதீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. எந்த மீன் எந்தத் தொட்டிக்கு என்று பார்த்து விற்கும்படி கேட்கிறோம். அதற்கான காரணங்களையும் கணக்கையும் கீழே எழுதியிருக்கிறோம்.

அதிகம் விற்பது டைகர் ஷார்க். கறுப்பு, வெள்ளை இரண்டும் ஒரே இனம்தான். இது சுறா அல்ல, கெளுத்தி வகை. மேகாங், சாவ் பிரயா ஆறுகள் இதன் சொந்த இடம். ஹோட்டல்களில் 'பாசா' என்று தட்டில் வருவது பெரும்பாலும் இதே மீனின் சதைதான். ஆந்திராவின் வளர்ப்புக் குளங்களில் ஒரே வருடத்தில் ஒரு கிலோ வரை எடை போடுகிறது. ஆற்றில் 130 செ.மீ. நீளமும் 40 கிலோவுக்கு மேல் எடையும் எட்டிய மீன்கள் உண்டு. உணவுக்காக வளர்க்க இவ்வளவு தோதான ஒரு மீனை 50 லிட்டர் தண்ணீரில் அடைக்கச் சொல்லி விற்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியின் மொத்தக் கொள்ளளவே 56 லிட்டர்தான். கல், மணல் போட்டு விளிம்புக்குக் கீழே நிறுத்தினால் 45 லிட்டர் தேறும். 6 அடிக்கு 2 அடிக்கு 2 அடி என்றால் 680 லிட்டர். தண்ணீர் மட்டுமே 680 கிலோ. கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 800 கிலோவைத் தாண்டும். இதை வாடகை வீட்டு மாடியில் வைக்கச் சொல்ல முடியாது. அந்த 6 அடித் தொட்டியும் டைகர் ஷார்க்குக்குக் காணாது. நீளத்தைவிட அகலம்தான் இங்கே முக்கியம். 2 அடி அகலத்துக்குள் இரண்டரை அடி மீன் உடலை வளைக்காமல் திரும்ப முடியாது. பல ஆயிரம் லிட்டர் பிடிக்கும் சிமென்ட் தொட்டியோ தோட்டத்துக் குளமோ இருப்பவருக்கு மட்டுமே இதை விற்கலாம்.

"தொட்டிக்கு ஏற்ற மாதிரிதான் மீன் வளரும்" என்று கடையில் சொல்வதை தயவுசெய்து நிறுத்துங்கள். இடம் குறைந்து, தண்ணீரில் கழிவு ஏறும்போது வளர்ச்சி குன்றுகிறது என்பது உண்மை. அது மீன் தன்னைத் தொட்டிக்குத் தக்கபடி அமைத்துக்கொள்வது அல்ல, நோய். முதுகெலும்பு வளைகிறது, உடல் மெலிந்து தலை மட்டும் பெரிதாகத் தெரிகிறது, பல வருடம் வாழ வேண்டிய மீன் சீக்கிரமே செத்துப்போகிறது.

இந்த மீனின் தாங்கும் சக்தியே வாங்குகிறவரை ஏமாற்றுகிறது. டைகர் ஷார்க் மேலே வந்து காற்றை விழுங்கி, காற்றுப்பை வழியாகவும் சுவாசிக்கும். ஆக்சிஜன் குறைந்து மற்ற மீன்கள் மிதக்கும் தொட்டியிலும் இது உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொள்கிறார். உள்ளே மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சு ஏறிக்கொண்டே இருக்கும்.

நம் மாவட்டங்களில் அம்மோனியா இன்னும் ஆபத்தானது. இங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினமானது, காரத்தன்மை கூடியது. 25 டிகிரியில், தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். 7 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நஞ்சாக நிற்கும் பகுதி அரை சதவீதம் அளவுதான். பி.எச். 8 ஆனால் அதுவே 5 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதாவது வேறு ஊரில் மீன் தாங்கிவிடும் அழுக்கு, போர் தண்ணீர் ஊற்றிய தொட்டியில் பத்து மடங்கு நஞ்சாகும். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற 3 முதல் 6 வாரம் வேண்டும். தொட்டியும் மீனும் ஒரே நாளில் விற்றால் அந்த 6 வாரமும் மீன் தன் கழிவிலேயே கிடக்கிறது. இன்று தொட்டியை மட்டும் கொடுங்கள். ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி போடச் சொல்லுங்கள். உங்கள் கடையில் ஓடிய பழைய ஸ்பாஞ்ச் ஒன்றையும் கொடுத்தால் காத்திருக்கும் நாள் குறையும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும், அது மாறி வரும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மீன் கொடுங்கள். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. ஒருநாள் முழுக்க ஏர் பம்ப் போட்டு வைத்த பிறகே ஊற்ற வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

டைகர் ஷார்க் கூட்டமாக வாழும் மீன், பயந்த சுபாவம். தனியாக விட்டால் கதவு சாத்துகிற சத்தத்துக்கே மிரண்டு கண்ணாடியில் மோதும். இருட்டில் திடீரென்று விளக்கைப் போட்டாலும் அப்படித்தான். மூக்கு நுனி உரிகிறது, அந்தப் புண்ணில் பஞ்சு போலப் பூஞ்சை வருகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழி, தை இரவுகளில் சின்னத் தொட்டி சட்டென்று குளிர்ந்துவிடும், வெள்ளைப் புள்ளி நோய் தொற்றும். ஹீட்டர் போட்டால் லிட்டருக்கு ஒரு வாட் கணக்கு சரி. ஆனால் மிரண்டு ஓடும் மீன் இடித்து உடைக்காதபடி ஹீட்டருக்குக் கூடு மாட்ட வேண்டும். செதில் இல்லாத மீன் என்பதால் புள்ளி நோய்க்கு ஊற்றும் நீல, பச்சை மருந்துகளைப் பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் பாதிதான் தாங்கும். முழு அளவு ஊற்றி, நோய்க்குப் பதிலாக மருந்தால் மீன் சாவது சகஜமாக நடக்கிறது.

மற்ற ஷார்க்குகளில் சில்வர் ஷார்க் 30 முதல் 35 செ.மீ. வரும். ஐந்தாகச் சேர்த்து, 6 அடித் தொட்டியில் கனமான மூடியோடு வளர்க்க வேண்டும், நன்றாகத் துள்ளும். ரெட் டெயில் ஷார்க்கும் ரெயின்போ ஷார்க்கும் 12 முதல் 15 செ.மீ.யில் நின்றுவிடும். வீட்டுக்குப் பொருந்துபவை இந்த இரண்டுதான். 4 அடித் தொட்டி, ஒளிய நாலைந்து இடம், தொட்டிக்கு ஒன்றே ஒன்று. ஜோடியாக விற்காதீர்கள். பெரியது சின்னதை மூலைக்குத் தள்ளித் தின்னவே விடாமல் கொன்றுவிடும். அதனுடன் சேர்த்து விட, வேகமாக மேல்மட்டத்தில் நீந்தும் டேனியோ, பார்ப் வகைகள் போதும். ரெட் டெயில் ஷார்க் அதன் தாய்நாடான தாய்லாந்தின் ஆறுகளில் அழிவின் விளிம்பில் இருக்கிறது. கடையில் கிடைப்பதெல்லாம் பண்ணையில் பிறந்தவை. சாகவிட்டு வேறு வாங்கலாம் என்று கைவிடும் மீன் அல்ல அது.

உண்மையான சுறாவுக்கு, சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தை வழியாகவோ இணையத்திலோ வரவழைத்துத் தரச் சொல்லி ஆர்டர் வந்தால் மறுத்துவிடுங்கள். தொட்டிக்குப் பொருந்தும் எனப்படும் மூங்கில் சுறாவே ஒரு மீட்டர் வளரும். 2,000 லிட்டர் கடல்நீர் தயாரிக்க, லிட்டருக்கு 35 கிராம் வீதம் 70 கிலோ கடல் உப்புக் கலவை வேண்டும். ஒவ்வொரு முறை 20 சதவீதம் மாற்றவும் 14 கிலோ. கடலிலிருந்து இவ்வளவு தள்ளி, போர் தண்ணீரை ஆர்.ஓ.வில் வடித்து இதைச் செய்ய வேண்டும். தாமிரம் கலந்த மருந்து சுறாவுக்கு நஞ்சு. அம்மோனியா மாறி மாறிக் கடைசியில் ஆகும் நைட்ரேட் ஏறினால் அயோடின் சேராமல் தொண்டையில் கழலை வரும். மின்சாரம் நின்றால் ஆக்சிஜனும் நிற்கும். கறுமுனைச் சுறாவோ ஓயாமல் நீந்தினால்தான் மூச்சு விட முடியும். போதாக்குறைக்கு, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சில சுறா இனங்களும் இருக்கின்றன. குட்டியைப் பார்த்து இனம் பிரிப்பது எளிதல்ல.

எங்களை அதிகம் கவலைப்படுத்துவது கடைசியாக நடப்பது. மீன் ஒன்றரை அடி ஆனதும் கொல்ல மனமில்லாமல் கிருஷ்ணகிரி அணையிலோ கெலவரப்பள்ளியிலோ ஊர் ஏரியிலோ காவிரியிலோ விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள். தொட்டியில் இருந்த கிருமியும் ஒட்டுண்ணியும் சேர்ந்தே போகின்றன. ஆப்பிரிக்கக் கெளுத்தியும், டேங்க் கிளீனர் என்று விற்கும் மீனும் நம் நீர்நிலைகளில் பரவி நாட்டு மீன்களின் தீனியையும் முட்டையையும் அழித்ததைப் பார்த்துவிட்டோம். காவிரியின் கூன்முதுகு மகசீர் மீன் 2018 முதல் உலக அளவில் மிக அருகிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அந்த ஆற்றில் இன்னொரு வெளிநாட்டுப் பெருமீனை இறக்கக் கூடாது.

எனவே ஒவ்வொரு ஷார்க் தொட்டியின் மேலும் தமிழில் ஒரு அட்டை ஒட்டுங்கள். முழு வளர்ச்சி நீளம், குறைந்தபட்சத் தொட்டி அளவு, எத்தனை சேர்த்து வளர்க்க வேண்டும், இந்த மூன்று வரி போதும். விற்ற மீன் பெரிதானால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று பில்லில் அச்சிடுங்கள். காசு தர வேண்டியதில்லை. வாங்கிய மீனைக் குளம் வைத்திருக்கும் பெரிய வளர்ப்பாளரிடம் சேர்த்துவிடலாம். கொண்டுவருகிறவரிடம், முந்தின நாள் தீனி நிறுத்தச் சொல்லுங்கள். வலையால் பிடிக்க வேண்டாம். பக்கத் துடுப்பின் முள் வலையில் மாட்டி ஒடியும், கையையும் கிழிக்கும். ஈரமான கனத்த துணியிலோ, தண்ணீரோடு வாளியிலோ வாரி, 50 லிட்டர் மூடி போட்ட டிரம்மில் பாதித் தண்ணீரும் மீதி காற்றுமாக, மூடியில் துளையிட்டு, வெளிச்சம் படாமல் கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வண்ணமீன் வளர்ப்போர் சிலர்