கார்மென் ஆப்பிரிக்காவுக்குப் போனபோது

ஆசிரியருக்கு,

ஓபரா எனும் மேற்கத்திய இசை நாடகங்களைத் தழுவிய படங்கள் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஐரோப்பாவோடு நின்றுவிட்டதே! 2005-இல் பெர்லின் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கக் கரடியை வாங்கிய தென்னாப்பிரிக்கப் படம் ‘யூ-கார்மென் ஈகயெலிட்சா’வை எப்படி விட்டீர்கள்? பிரெஞ்சு இசையமைப்பாளர் பிசேயின் இசையில் 1875-இல் பாரிசில் மேடையேறிய அதே ‘கார்மென்’ ஓபராதான், சிகரெட் தொழிற்சாலைப் பெண் ஒருத்திக்காகச் சிப்பாய் ஒருவன் வேலையைத் தொலைக்கிற, அவளோ காளைச் சண்டை வீரன் பக்கம் சாய்கிற அதே கதைதான், ஆனால் ஸ்பெயினின் செவில் நகரத்துக்குப் பதில் கேப் டவுனை ஒட்டிய கயெலிட்சா, தகரக் குடிசைகள், பாட்டெல்லாம் கோசா மொழியில். சிகரெட் தொழிற்சாலை அப்படியே இருக்கிறது, சிப்பாய் போலீஸ்காரர் ஆகிறார், காளைச் சண்டை வீரர் பாடகராகிவிடுகிறார். கார்மெனாக வரும் பாலின் மாலெஃபானே பருத்த உடம்போடு அந்தத் தெருக்களில் நிமிர்ந்து நடப்பதைப் பார்த்தால், இவளுக்காக ஒருத்தன் வேலையைத் தொலைப்பான் என்று சட்டென நம்பிவிடுவோம்.

எனக்கு ஒரே குறை, பிசேயின் இசையைக் கொஞ்சம் அதிகமாகவே கும்பிடுகிறார்கள். செனகலில் 2001-இல் வந்த ‘கார்மென் கெய்’ அதைத் தூக்கிப் போட்டுவிட்டு சபார் மேளத்தையும் ஜாஸையும் வைத்தது. சரி, அது முரட்டுப் படம்தான், ஆனால் என் ஓட்டு அதற்கே. அடுத்த ஞாயிறாவது இந்த இரண்டையும் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை