பரணில் கிடைத்த 486

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம்.

பரணைச் சுத்தம் செய்தபோது நம் டிடிபி சென்டர் கம்ப்யூட்டர் கிடைத்தது. 486 என்ற சிப் போட்ட அதே பழைய பெட்டி! மூடியைக் கழற்றி, சிப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். தீப்பெட்டி அளவு இருக்கிறது. அடியில் ஊசி ஊசியாகக் கால்கள், ஓரத்தில் ஒன்று மட்டும் வளைந்திருக்கிறது. முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகையை பிரிண்டுக்கு அனுப்பிவிட்டு டீ குடித்துவிட்டு வருவோமே, நினைவிருக்கிறதா?

அந்தச் சிப்பில் சுமார் 12 லட்சம் டிரான்சிஸ்டர்கள், அதாவது மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் கணக்குப் போடும் குட்டிக் குட்டி சுவிட்சுகள். 2020இல் வந்த ஐபோன் 12இன் சிப்பில் 1,180 கோடி. ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு! சிப்பில் அடங்கும் பாகங்கள் வருஷா வருஷம் இரட்டிப்பாகும் என்று, பின்னாளில் இன்டெல் சிப் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர் 1965இல் எழுதினார். 1975இல் அதை இரண்டு வருஷம் என்று திருத்தினார். அது இயற்கையின் விதி இல்லை. கம்பெனிகள் அதையே இலக்காக வைத்துக்கொண்டு ஓடின, அவ்வளவுதான்.

அந்த ஓட்டத்தால் கிடைத்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அக்கா போனில் பேசுகிறாள், அது தமிழில் எழுதிக் காட்டுகிறது. ஒவ்வொரு ஃபான்ட்டுக்கும் ஒரு கீபோர்டு பழகிய நமக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் சூடு என்று ஒன்று இருக்கிறது. டிரான்சிஸ்டர் சிறுத்தால் அது தின்னும் மின்சாரமும் அதே கணக்கில் குறையும் என்று ஐபிஎம் கம்பெனி இன்ஜினியர் ராபர்ட் டென்னார்ட் 1974இல் காட்டினார். முப்பது வருஷம் அப்படியே நடந்தது. 2005 வாக்கில் அந்தக் கணக்கு உடைந்தது. டிரான்சிஸ்டர் அவ்வளவு சிறுத்துவிட்டதால், இறுக மூடிய குழாயும் ஒழுகுவதுபோல, அணைத்து வைத்த டிரான்சிஸ்டரிலும் மின்சாரம் கசிந்தது. வேகத்தைக் கூட்டினால் சிப் கொதிக்கும். அதனால்தான் சிப்பின் வேகம் மூன்று, நான்கு கிகாஹெர்ட்ஸிலேயே நெடுங்காலம் நின்றது, ஒரே சிப்புக்குள் சேர்ந்து வேலை செய்யும் கோர்கள் மட்டும் பெருகின. நம் 486 சிப்பின் தலையில் ஒரு விசிறிகூடக் கிடையாது. இன்று ஏஐ வேலைக்கு ஓடும் என்விடியா கம்பெனியின் எச்100 சிப் ஒன்றே 700 வாட் வரை இழுக்கிறது, நம் வீட்டு மிக்ஸி மாதிரி. மிக்ஸியை ஐந்து நிமிஷத்தில் நிறுத்திவிடுவோம். இவை ஆயிரக்கணக்கில் ராவும் பகலும் ஓடுகின்றன. அந்த மின்சாரத்தை எங்கோ ஒரு ஊர் உற்பத்தி செய்ய வேண்டும் என்பது என்னை உறுத்துகிறது.

இன்னொன்றும் மனசை வாட்டியது. பக்கத்து வீட்டுப் பெண் பத்தாவது படிக்கிறாள். அவளுடைய லேப்டாப்புக்கு ஒன்பது வயசு. புது இயங்குதளம் அந்தச் சிப்பில் ஏறாது, எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். நான் வாங்கிப் பார்த்தேன். சிப்பில் ஒரு குறையும் இல்லை. விசிறியில் பஞ்சுபோல் அடைத்திருந்த தூசியை பிரஷ்ஷால் எடுத்தேன். ஹார்டு டிஸ்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். இப்போது அரை நிமிஷத்தில் எழுந்துவிடுகிறது. நம் 486ஐவிட எத்தனையோ மடங்கு பெரிய மூளை அது. குப்பைக்குப் போயிருக்கும் சுந்தரம்!

உன் மகன் ஆபீஸில் பழைய லேப்டாப்புகளைக் கழிப்பதாக முன்பு எழுதியிருந்தாய். அவனிடம் கேட்டு, கிடைப்பதை லாரி பார்சலில் போட்டுவிடு, வாடகையை இங்கே கட்டிக்கொள்கிறேன். சார்ஜரை மறக்காமல் சேர்த்து அனுப்பு. இந்தத் தெருவில் மட்டும் நாலு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
ராஜு