குடைந்த சைலன்சரும் ஆர்.எக்ஸ். 100-உம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பைக்குகளைப் போலீசார் பிடித்த செய்தி வரும்போதெல்லாம், சைலன்சரைக் குடைந்து சத்தம் கூட்டுவதையும் இன்ஜினை டியூன் செய்வதையும் ஒரே வேலையாகவே பத்திரிகைகள் எழுதுகின்றன. பட்டறைக்கு வரும் இளைஞர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1985 முதல் 1996 வரை விற்ற யமஹா ஆர்.எக்ஸ். 100-க்கு இன்று இருக்கும் மவுசில், இந்த நினைப்பால் கெடும் இன்ஜின்கள் ஏராளம். ஆகவே கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

முதலில் சைலன்சரையே எடுத்துக்கொள்வோம். ஆர்.எக்ஸ். 100 டூ-ஸ்ட்ரோக் வண்டி. அதன் ஹெட்டில் வால்வு கிடையாது, சிலிண்டர் சுவரில் இருக்கும் துளைகள்தான் (போர்ட்) அந்த வேலையைச் செய்கின்றன. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட் திறந்திருக்கும்போதே டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாகப் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த புதுக் கலவையும் உள்ளே வருகிறது. அதில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சருக்குள் ஓடிவிடும். சைலன்சர் உள்ளுக்குள் அகன்று பிறகு குறுகுவது இதற்காகத்தான்: வெளியேறிய அழுத்த அலை குறுகும் இடத்தில் மோதித் திரும்பி வந்து, போர்ட் மூடுமுன் அந்தக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ள வேண்டும். வால் பக்கத்து உள்குழாயைப் பிடுங்கினாலோ உள்தகடுகளை வெட்டினாலோ இந்தக் கணக்கு குலைந்துபோகும். காது பிளக்கும், நடு வேகத்தில் இழுவை விழும். கலவையும் நீர்த்துப்போய், அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் சூடாகும். வேகம் கூடியது போலத் தோன்றுவது சத்தத்தின் மாயம்.

உண்மையில் அந்த உள்குழாயைக் கழற்ற வேண்டியது சுத்தம் செய்வதற்கு. கரி அடைத்த குழாயை நெருப்பில் காட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, திரும்ப மாட்டினாலே பல வண்டிகளில் போன உயிர் வந்துவிடும். எக்ஸாஸ்ட் போர்ட் வாயில் படிந்த கரியையும் பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு மரச்சீவலால் சுரண்ட வேண்டும். சைலன்சரைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பவர்கள் உண்டு. இரும்புக்கு அது பரவாயில்லை. ஹெட்டையோ பிஸ்டனையோ அதில் போட்டால் அலுமினியம் கரைந்துவிடும்.

கம்பெனிக் கணக்கில் 98 சி.சி. இன்ஜின் நிமிடத்துக்கு 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன் தந்தது. வண்டி எடை நூறு கிலோவை ஒட்டித்தான். முப்பது வருடம் ஓடிய வண்டியில் அந்த 11-இல் எவ்வளவு மிச்சம் என்று பார்க்காமல் கூடுதல் சக்தி தேடுவது வீண். பார்க்க வேண்டியவற்றில் எல்லோரும் மறப்பது, கிராங்க் தண்டின் இரண்டு பக்கமும் காற்றையும் ஆயிலையும் தடுக்கும் கிராங்க் ஆயில் சீல். மேக்னெட் பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்றை இழுத்துக் கலவை நீர்த்துப்போகும். ஐடிலிங் தானாக ஏறி இறங்கும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து வெண்புகை தள்ளும்.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். கார்புரேட்டர் வாயையும் எக்ஸாஸ்ட் வாயையும் ரப்பர் வைத்து அடைத்துவிட்டு, பிளக் துளை வழியாக ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பம்பால் காற்று ஏற்றலாம். அந்த கேஜில் 300 (மி.மீ. பாதரசம்) என்பது ஏறக்குறைய 6 பி.எஸ்.ஐ. அழுத்தம். அதற்கு மேல் ஏற்றினால் சீலே பிதுங்கிவிடும். நிமிடத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ.க்கு மேல், அதாவது கேஜில் 50-க்கு மேல், இறங்கினால் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். இது தேறாத இன்ஜினில் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை மாற்றி மாற்றிப் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல.

அடுத்து போர், அதாவது தேய்ந்த சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது. பிஸ்டன் விட்டம், அது ஏறி இறங்கும் தூரம் இரண்டும் 50 மி.மீ. 0.25 மி.மீ. ஓவர்சைஸாக ஏறி 1 மி.மீ. ஓவர்சைஸ் வரை போனாலும் கொள்ளளவு 102 சி.சி.தான். ஆகவே போர் அடிப்பதைச் சக்தி கூட்டும் வேலையாக நினைக்க வேண்டாம், அது பழுது பார்ப்பது. பிஸ்டனை முதலில் வாங்கி, அதன் அடிப்பாகத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, 0.035 முதல் 0.040 மி.மீ. வரை கூட்டி லேத்தில் சொல்ல வேண்டும். நம்பகமில்லாத பிஸ்டன் என்றால் 0.045 கூட விடலாம். ‘ஐம்பதே கால் அடித்துக் கொடு’ என்று வாய்க்கணக்கில் சொல்லி வாங்கிய சிலிண்டர்தான் முதல் வாரத்தில் நான்கு மூலையிலும் கோடு விழுந்து ஜாம் ஆகிறது. போர் அடித்த பின் போர்ட் ஓரங்கள் கத்தி மாதிரி நிற்கும். அவற்றை அரை மி.மீ. அளவுக்குச் சாய்வாக மழுக்காவிட்டால் ரிங் மாட்டி உடையும். ரிங் வாய் இடைவெளி 0.15 முதல் 0.35 மி.மீ.க்குள் இருக்கட்டும்.

இவ்வளவும் சரியான பிறகுதான் போர்ட் வேலை. எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை 1 மி.மீ. உயர்த்தினால் போர்ட் திறந்திருக்கும் காலம் சுமார் 4 முதல் 5 டிகிரி கூடும். சக்தி மேல் சுற்றுக்குப் போகும், கீழே இழுவை குறையும். 50 மி.மீ. போருக்குப் போர்ட் அகலம் 65 சதவீதம், அதாவது 32 மி.மீ. சுமாருக்கு மேல் போனால் ரிங் ஆயுசு சுருங்கும். ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு உயரத்தை ஒரு மி.மீ.க்குள் நிறுத்திவிட்டு, வார்ப்பில் விட்ட மேடு பள்ளங்களை நிரவி, சிலிண்டரின் இரும்பு உள்ளுறையான லைனரின் துளையும் அலுமினிய வழியும் படி இல்லாமல் சேரும்படி செய்வதே போதும். கிராங்க் திரும்பும் கோணத்தைக் காட்டும் டிகிரி சக்கரம் மாட்டாமல் கண்மட்டத்தில் அரைப்பவரிடம் சிலிண்டரைக் கொடுக்காதீர்கள். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. மணிக்கு நாற்பதில் டவுன் பஸ் பின்னால் ஊர்ந்து போகும் வண்டிக்கு 9,000 சுற்றில் பிறக்கும் சக்தி எதற்கு?

ரேஸ் சைலன்சர் போடுபவர்களுக்கு ஒரு கணக்கு. எக்ஸாஸ்ட் திறந்திருக்கும் டிகிரியை 42,545-ஆல் பெருக்கி, வேண்டிய சுற்று எண்ணால் வகுத்தால், பிஸ்டன் முகத்திலிருந்து பின்கூம்பு அலையைத் திருப்பும் இடம் வரை எத்தனை மி.மீ. என்று வரும். 180 டிகிரி, 8,000 சுற்று என்றால் சுமார் 957 மி.மீ. அதே போர்ட்டுக்கு 9,000 சுற்று வேண்டுமென்றால் 851. யாருக்கோ செய்த பைப்பை வாங்கி மாட்டிவிட்டு ‘இழுக்கவில்லை’ என்பவர்களின் பிரச்சினை இந்த நூறு மி.மீ.யில்தான் இருக்கிறது. வால் குழாயைக் குறுக்கினால் சத்தம் குறையும் என்று சிலர் செய்கிறார்கள். சூடு உள்ளேயே தங்கி பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

கம்ப்ரஷனை ஏற்ற ஹெட்டைக் கடைவதற்கு முன் ஈயக் கம்பிச் சோதனை செய்ய வேண்டும். 2 மி.மீ. சால்டர் கம்பியைப் பிளக் துளை வழியாகச் சிலிண்டர் சுவர் வரை, பிஸ்டன் பின் இருக்கும் திசையில் விட்டு, கிராங்க்கை ஒரு சுற்று சுற்றி, நசுங்கிய நுனியை அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் செய்வது நல்லது. அந்தத் தடிமன்தான் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி. அதை 1 மி.மீ. வரை குறைக்கலாம். 0.8-க்குக் கீழே போனால் அதிக சுற்றில் பிஸ்டன் ஹெட்டைத் தொடும் ஆபத்து உண்டு. கம்ப்ரஷனை ஏற்றிவிட்டு இக்னிஷன் டைமிங்கையும் முன்னால் தள்ளுவது தற்கொலை. பிஸ்டன் ஓரம் எலி கொறித்தாற்போல இருந்தால் அது நாக்கிங்கின், அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பதன், கையெழுத்து. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உரசியிருந்தால் கலவை நீர்த்திருக்கிறது, அல்லது ஆயில் போகவில்லை.

கார்புரேட்டரை 20 மி.மீ.யிலிருந்து 24-க்கு மாற்றுவது பெரிய மோகம். வாய்ப் பரப்பு 44 சதவீதம் கூடுகிறது. கீழ்ச் சுற்றில் காற்றின் வேகம் குறைந்து பெட்ரோலை உறிஞ்ச முடியாமல் வண்டி விக்கும். போர்ட்டும் பைப்பும் மாறாத இன்ஜினுக்கு இது தேவையே இல்லை. எந்த கார்புரேட்டர் ஆனாலும் ஜெட்டிங் வரிசை ஒன்றுதான். ஆக்சிலேட்டர் கால்வாசி வரை பைலட் ஜெட், கால் முதல் முக்கால் வரை நீடில், அதற்கு மேல் மெயின் ஜெட். ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். முழுக்க மூடினால்தான் ஐடிலிங் நன்றாக வருகிறது என்றால் பைலட் ஜெட் சிறிது. நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி மேலேறிக் கலவை கெட்டியாகும். மெயினுக்குப் புதுப் பிளக் போட்டு, ஆளில்லாத சாலையில் டாப் கியரில் முழு ஆக்சிலேட்டரில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து அப்படியே இன்ஜினை நிறுத்தி, பீங்கானின் அடியில் நிறம் பார்க்க வேண்டும். காபிப் பழுப்பு நல்லது. வெள்ளை என்றால் அடுத்த ஓட்டத்துக்கு முன் ஜெட்டை ஏற்றுங்கள். எப்போதும் பெரிய ஜெட்டிலிருந்து இறங்கி வர வேண்டும், சிறியதிலிருந்து ஏறக் கூடாது. பிளக் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: என்.ஜி.கே.யில் எண் ஏற ஏறப் பிளக் குளிர்ச்சி, பாஷில் எண் இறங்க இறங்கக் குளிர்ச்சி. எண்ணை மட்டும் பார்த்து மாற்றினால் தலைகீழாகிவிடும்.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு வந்துவிட்டது. வெறும் பெட்ரோல் எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இதற்கு சுமார் 13.5 போதும். அதாவது பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் கலவை எட்டு, ஒன்பது சதவீதம் நீர்த்துவிடுகிறது. கம்பெனி அளவில் இருக்கும் இன்ஜின் இதைச் சமாளிக்கலாம். டியூன் செய்த இன்ஜினுக்கு அந்த இடைவெளி இல்லை. மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றிவிட்டுப் பிளக்கைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பழைய ரப்பர் குழாய்களும் ஓ-ரிங்குகளும் ஊறி இளகும், மாற்றிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுவது நல்லது. மழைக்காலத்தில் டேங்கில் சேரும் ஈரம் எத்தனாலோடு பிரிந்து அடியில் தங்கும், டேங்கில் ஆயில் கலந்து ஓட்டுபவர்களுக்கு அங்கே 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் இருக்காது.

ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு டேங்கில் கலந்து ஓட்டுபவர்கள் லிட்டருக்கு 25 மி.லி. என்று கணக்கு வைப்பார்கள். புதுப் பிஸ்டனுக்கு முதல் 500 கி.மீ. வரை 40 மி.லி. சரி. ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு இன்ஜின் பிரேக்கில் இறங்கினால், பெட்ரோல் போகாததால் ஆயிலும் போகாது, சுற்று மட்டும் இருக்கும். அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்க வேண்டும். பம்ப் இருக்கும் வண்டியில் இன்ஜின் சுற்றுக்கு ஏற்பக் கொஞ்சமாவது ஆயில் போய்க்கொண்டிருக்கும். கார்புரேட்டர் மாற்றினால் பம்ப் கேபிள் குறியை மறுபடி சேர்த்து, காற்றுக் குமிழி வெளியேற்ற வேண்டும். இதை மறந்து ஜாம் ஆன இன்ஜின்கள்தான் ‘பம்பே வேண்டாம்’ என்ற பேச்சைக் கிளப்பிவிட்டன.

முன்னால் இருப்பது 130 மி.மீ. டிரம் பிரேக், டயர் 2.50-18. சக்தி கூட்டும் முன் ஷூவை டிரம்முக்குப் பொருந்த உரசி, கேபிளையும் மாற்றுங்கள்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறக் கூடாது. 182ஏ(4) ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. 100 சி.சி. ஆர்.சி.யை வைத்துக்கொண்டு யமஹா ஆர்.எக்ஸ். 135-இன் சிலிண்டரை ஏற்றுவது நேரடியாக இதில் மாட்டும். பிஸ்டன் எடை கூடி கிராங்க் சமநிலை மாறுவதால் அதிர்வு வேறு. போர்ட்டும் பைப்பும் மாற்றி ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி ஸ்பீட்வே பந்தயத் தடங்கள் இருக்கின்றன.

இனி இப்படியான செய்திகளில் சைலன்சரை வெட்டினார்களா, சி.சி.யை மாற்றினார்களா என்பதையாவது பிரித்து எழுதுமாறு தங்கள் நிருபர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளை வேலை பார்க்கும் மெக்கானிக்குகள்,
கோயம்புத்தூர்